திருநீற்றான் மதிலோரம்

உச்சிக்கால மேளம் கேட்டதும் திருவானைக்கோவிலில் கூட்டம் அம்மன் சந்நிதிப் பக்கம் நகரும். அர்ச்சகர் புடவை கட்டி, கிரீடம் வைத்து, அகிலாண்டேஸ்வரியாகவே சுவாமி சந்நிதிக்குப் போய்ப் பூஜை செய்வார். அகிலத்துக்கே ஈஸ்வரி, அன்றாடம் நடந்து போய்த் தொண்டு செய்கிற ஊர். எனக்கென்னவோ ஐந்தாம் பிராகார மதில்தான் நெருக்கம். சிவனே சித்தராக வந்து, கூலியாட்களோடு நின்று கட்டிய மதிலாம். சாயங்காலம் கூலி, திருநீறு. அவரவர் உழைப்புக்குத் தக்கபடி அது பொன்னாகும். மேஸ்திரி வேலை பார்த்த கடவுள்!

அந்த மேஸ்திரியை நினைத்தால் எங்கள் கணக்குப் பிரிவுத் தலைவர் வந்துவிடுவார். மார்ச் 31 ராத்திரி, டிரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லை. அறையை விட்டு வந்து, என் மேஜைக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டார். “தம்பி, நான் வாசிக்கிறேன், நீங்க டிக் அடிங்க.” வித்தியாசம் 360. “ஒன்பதால வகுபடுது பாருங்க, எங்கயோ எண் இடம் மாறியிருக்கு.” விடியும் நேரத்தில் அகப்பட்டது: 1,260 என்பது 1,620 ஆகியிருந்தது. யார் கையெழுத்து என்று அவர் பார்க்கவே இல்லை. தணிக்கைக்காரர் கேட்டபோது, “என் பிரிவு, என் பொறுப்பு” என்றார்.

திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த கலாமும் இப்படி ஒருவரைப் பற்றி மேடைதோறும் அலுக்காமல் சொல்வார். 1979 ஆகஸ்ட் 10, எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்கக்கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் கலாம். ஆனால் பத்திரிகையாளர்கள் முன் போய் நின்றது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனதும், “நீங்கள் பேசுங்கள்” என்று கலாமை அனுப்பிவிட்டார்.

இதே திருச்சியில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமனிடம் அடக்கத்தைத் தேடக்கூடாது. நோபல் அறிவிப்புக்கு முன்பே கப்பலுக்கு டிக்கெட் எடுத்தவர் என்பார்கள். மேதைக்கு அது பொருந்தும். பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவருக்குப் பொருந்தாது. நம் ஆபீஸ்களிலோ பணிவைக் கீழே இருப்பவனிடம்தான் கேட்கிறார்கள்.

மதில் கதையில் எனக்குப் பிடித்தது பொன் அல்ல. யார் எவ்வளவு உழைத்தார் என்று சித்தருக்குத் தெரிந்திருந்ததே, அது. நாள் முழுக்கக் கூட நிற்காமல் அது தெரியாது. பின்னாளில் பழைய கோப்புகள் என் கைக்கு வந்தபோது, எங்கள் தலைவர் ஊழியர்களைப் பற்றி எழுதிய ரகசிய அறிக்கைகளைப் பார்த்தேன். ‘நன்று’, ‘மிக நன்று’ என்று ஒற்றை வார்த்தையில் முடித்திருக்கவில்லை. எந்தப் பேரேட்டை யார் எத்தனை மணிக்கு முடித்தார் என்றே எழுதியிருந்தார்.