பஞ்சத்தில் எண்ணாத தலைகள்

பறக்கும் ரயிலில் போகும்போது கீழே கறுத்துத் தேங்கிக் கிடக்கிறதே பக்கிங்காம் கால்வாய், அதைப் பார்த்து முகம் சுளிக்காத பிள்ளைகள் இல்லை. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தத் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வழியில்லாமல் வந்தவர்கள் வெட்டியது. அதே கால்வாயின் வடபகுதியில், ஓங்கோல் பக்கம், மூன்று மைலுக்கும் மேல் மண் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்தவர் ஒரு பாதிரியார். அவருடைய சபையின் கதையில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு.

அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் டே 1840இல் நெல்லூரில் குடியேறினார். ஆண்டுகள் போயின, சேர்ந்தவர்களைக் கைவிரல்களால் எண்ணிவிடலாம். செலவுக்கேற்ற பலன் இல்லையே, மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் ஒரு முறைக்கு மேல் யோசித்தார்கள். 1854 புத்தாண்டு விடியலில் அதே மிஷனைச் சேர்ந்த லைமன் ஜூவெட், அவர் மனைவி, உள்ளூர் விசுவாசிகள் மூவர் என ஐந்தே பேர் ஓங்கோல் குன்றில் ஏறி, இந்த ஊருக்கு ஓர் ஆளை அனுப்பும் என்று ஜெபித்தார்கள். ஆள் வந்து சேர 12 ஆண்டுகள் ஆயின. வந்தவர் ஜான் கிளஃப், நில அளவை தெரிந்தவர். 1867 ஜனவரி முதல் நாள் ஓங்கோல் சபை எட்டுப் பேரோடு தொடங்கியது.

அதற்குள்ளாகவே சோதனையும் வந்துவிட்டது. கிளஃபின் பள்ளியில் மேல்சாதிப் பிள்ளைகள் படித்தார்கள். அவர்கள் வீட்டாரின் ஆதரவும் இருந்தது. யெர்ரகுண்ட்ல பேரய்யா என்ற மாதிகா வகுப்புத் தோல் தொழிலாளி தன் சனங்களோடு வந்தபோது, இவர்களைச் சேர்த்தால் நாங்கள் இல்லை என்றார்கள் பெரியவர்கள். கிளஃப் சேர்த்துக்கொண்டார். பள்ளி காலியானது. செல்வாக்குள்ளவர்களைப் பிடித்துவிட்டால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்று எந்தக் காலத்திலும் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

பிறகு 1876இல் பஞ்சம். கிளஃப் கால்வாய் ஒப்பந்தம் எடுத்து, தம் ஊழியர்களையே மேஸ்திரிகளாக நிறுத்தி, பசித்தவர்களுக்கு மண்வெட்டியும் கூலியும் கொடுத்தார். ஓய்வு வேளையில் அந்த மேஸ்திரிகள் வேதம் சொன்னார்கள். கூட்டம் உட்கார்ந்து கேட்டது. ஞானஸ்நானம் கொடுங்கள் என்று ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். கிளஃப் மறுத்தார். நிவாரணப் பணம் கை மாறுகிற வரை ஒருவருக்கும் இல்லை என்று ஏறத்தாழ 15 மாதங்கள் நிறுத்தி வைத்தார்.

இந்த மறுப்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். காய்க்காத மரத்தடியில் காத்திருப்பது ஒரு பொறுமை. கனி கைக்கெட்டும்போது கையை மடக்கிக்கொள்வது அதைவிடக் கடினம். கடன் கொடுத்த கையோடு சம்பந்தம் பேசியவர்களை என் வாழ்நாளில் பார்த்திருக்கிறேன். வேலை வாங்கிக் கொடுத்துவிட்டு ஓட்டுக் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன்; உதவியும் உண்மைதான். ஆனால் வாங்கியவன் பிறகு அவர்கள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

1878இல் நிவாரணம் முடிந்தது. இனிக் கொடுக்கப் பணமில்லை, வர வேண்டாம் என்று சொல்லியனுப்பிய பிறகும் சனங்கள் வந்தார்கள். ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில், வெலும்பிள்ளி அருகே, 2,222 பேர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுத்தவர்கள் உள்ளூர்ப் போதகர்கள் ஆறு பேர். இருவர் இருவராகத் தண்ணீரில் நின்று முறை மாற்றிக்கொண்டார்கள். வெறுங்கையோடு திரும்புவோம் என்று தெரிந்தே வந்தார்களே, அது எனக்கு அந்த எண்ணைவிடப் பெரிது. ஆதாயத்துக்கு வந்த கூட்டம் என்று சொன்னவர்களும் உண்டு. கிளஃபிடம் அதற்குக் காட்ட அந்த 15 மாதங்கள் இருந்தன.

சேர்ந்தவர்களுக்கு மூன்று கட்டளைகள்: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யாதே, செத்த மாட்டைத் தின்னாதே, விக்கிரகத்தை வணங்காதே. கேட்க எளிது. ஊர்த் திருவிழாவுக்கு மேளம் அடிக்க வேண்டியவர்களும், அறுவடையில் முதல் ஆளாக இறங்க வேண்டியவர்களும் அவர்கள்தான். மறுத்தவர்களுக்கு ஊரார் வேலை கொடுக்கவில்லை, அடியும் விழுந்தது. பாதிரியார் அதிகாரிகளிடம் போய் முறையிடலாம். ஞாயிறு வயலில் இறங்காதவன் திங்கட்கிழமை காலை அதே நிலக்காரர் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.