ஆத்தேயின் புளியாணம்

சனிக்கிழமைகளில் அம்மாவிடம் போவது என் வழக்கம். மட்டக்களப்பு நகரில் பஸ் ஏறி, கல்லடிப் பாலம் தாண்டி, காத்தான்குடி, ஆரையம்பதி கழிந்து வலப்பக்கம் திரும்பினால் மண்முனைத்துறை வரும். முன்பெல்லாம் அவ்விடத்தில் இறங்கிப் ‘பாதை’க்குக் காத்து நிற்க வேண்டும். பாதை என்றதும் வெளியூர்ச் சகோதரிகள் வீதி என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது வாவியைக் கடக்கும் தட்டையான படகு. ஆட்களும் சைக்கிளும் நெல் மூட்டையும் ஒன்றாக ஏறுவோம். 2014 ஏப்ரலில் யப்பான் நாட்டின் உதவியுடன் கட்டிய பாலம் திறக்கப்பட்டது. இப்போது வாவி இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வசதிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் 1994இல் அம்மா எங்களை விட்டுப் போனது அந்தப் பாதையில். பாலத்தில் போகும்போதும் என் கண் பழைய துறையைத்தான் தேடுகிறது.

சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இந்த வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. நாங்கள் படுவான்கரை ஆட்கள். 1990இல் அப்பா காணாமற்போனார். அம்மாவுக்கு நானும் தங்கையுமாக இரண்டு பெண்பிள்ளைகள். எங்கள் பக்கத்து வழமையில் வீடு பெண்ணுக்கே உரியது. கலியாணம் முடித்து மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். ஆகவே பெண்பிள்ளை பெற்றவள் வீடு கட்டியே ஆகவேண்டும். எங்களிடம் இருந்ததோ களிமண் சுவரும் கிடுகுக் கூரையும். எங்களை அம்மம்மாவிடம் விட்டுவிட்டு அம்மா குவைத்துக்குப் பணிப்பெண்ணாகப் போனார். எனக்கு அப்போது பத்து வயது.

முதலாவது ஓடியோ கசற் வந்து சேர நான்கு மாதம் ஆனது. அம்மம்மா பக்கத்து வீட்டில் ரேடியோ இரவல் வாங்கிப் போட்டார். அம்மாவின் குரலுக்கு நடுவே இன்னொரு பெண்ணின் சிரிப்புக் கேட்டது. “இது ஆத்தே. என்னோட வேலை செய்யிறா. சமையல் இவதான்” என்றார் அம்மா. ஆத்தே என்பது அவரது பெயர் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிலிப்பைன்ஸ் மொழியில் அக்காவை அப்படி அழைப்பார்களாம். அம்மாவின் கசற்றுகளில் ஆத்தே வராத கசற் இல்லை. அம்மா அழத் தொடங்கினால் அவர் ஏதோ சொல்லிச் சிரிக்க வைப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் அம்மாவை யாரோ ஒருத்தி வைத்திருக்கிறாள் என்று பொறாமையாக இருந்தது.

ஆத்தேயின் ஊர் லகுனா மாகாணம். ஸ்பானிய மொழியில் லகுனா என்றால் வாவி. அங்குள்ள ஏரி தொளாயிரம் சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. வரட்சிக் காலத்தில் பாசிக் ஆற்றின் வழியாகக் கடல்நீர் பின்வாங்கி ஏரிக்குள் ஏறும். நம் முகத்துவாரத்துக் கதையை அம்மா சொல்ல, அவர் தன் ஊர்க் கதையைச் சொல்வார். பாதி அரபு, கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் கைச்சாடை. அவருக்கு மூன்று பிள்ளைகள். அவர்களும் அம்மம்மாவிடம் வளர்ந்தார்கள்.

ஒரே சமையலறை, ஒரே நேரத்துக்கு எழும்பல். ஆனால் சம்பளம் ஒன்றல்ல. ஆத்தேக்கு ஆங்கிலம் தெரியும் என்பது ஒரு காரணம். எந்த நாட்டுக்காரி என்று பார்த்தே சம்பளம் பேசப்பட்டது என்பது பெரிய காரணம். ஒரு வருடம் அம்மாவுக்கு ஐந்து மாதச் சம்பளம் கொடுபடவில்லை. அப்போது எங்களுக்கு வந்த பணம் ஆத்தேயின் பணம். அதில்தான் எனக்கு முதன்முதலாகப் பாடசாலைச் சப்பாத்து வாங்கினார்கள். அம்மா பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனாலும் அந்த மாதங்களில் லகுனாவில் அந்த மூன்று பிள்ளைகளுக்கு எது வாங்கப்படாமல் போனதோ, எனக்குத் தெரியாது. சப்பாத்து விடயத்தை அம்மா எனக்குச் சொன்னதே என் கலியாணத்துக்குப் பிறகுதான்.

1995 மார்ச் மாதம் ஒருநாள் ஆத்தே சமையலறைத் தரையில் குந்தியிருந்து அழுததை அம்மா இன்றும் சொல்வார். அவரது மாகாணத்தைச் சேர்ந்த, நான்கு பிள்ளைகளின் தாயான புளோர் கொன்டெம்பிளாசியன் என்ற பணிப்பெண்ணை, கொலைக் குற்றத்துக்காகச் சிங்கப்பூரில் அந்த மாதம் 17ஆம் திகதி தூக்கிலிட்டார்கள். அவர் குற்றமற்றவர் என்றே பிலிப்பைன்ஸில் பலர் நம்பினார்கள். மக்கள் தெருவில் இறங்கினார்கள். அதே வருடம் யூன் மாதத்தில், வெளிநாட்டில் உழைப்போரைப் பாதுகாக்கும் சட்டமொன்று அங்கே நிறைவேறியது.

பதினெட்டு வருடம் கழித்து, 2013 ஜனவரி 9ஆம் திகதி மூதூர் ரிசானா நபீக்கின் தலையைச் சவூதியில் வெட்டினார்கள். போகும்போது வயது பதினேழு. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அன்று அம்மா உலை வைக்கவில்லை. “ஆத்தே ஏன் அழுதா எண்டு இப்பதான் எனக்கு விளங்குது” என்றார். அந்த வருடம் நம் நாட்டில் வந்தது, பணிப்பெண்ணாகப் போகிறவள் குடும்பப் பின்னணி அறிக்கை கொண்டுவர வேண்டும், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போகக்கூடாது என்ற சுற்றறிக்கை. பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை, தாயில்லாமல் வளர்ந்தவள் நான். ஆனால் தாய்மாரைக் கேள்வி கேட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. பிலிப்பைன்ஸின் சட்டமும் எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. 2018 பெப்ரவரியில் குவைத்தில் ஒரு பிலிப்பைன்ஸ் பணிப்பெண்ணின் உடலைக் குளிர்பெட்டிக்குள் கண்டெடுத்தார்கள். தொலைக்காட்சியில் அந்தப் படம் வந்தபோது, அது இளம்பெண் என்று தெரியும்வரை அம்மாவின் கை நடுங்கியது.

அம்மா 2002இல் திரும்பி வந்தார். யுத்தநிறுத்த காலம். அடுத்த வருடம் கல்வீடு எழும்பியது. 2007 மார்ச்சில் ஷெல் விழத் தொடங்க, உடுத்த உடுப்போடு வாவியைக் கடந்து எழுவான்கரை முகாமுக்கு ஓடினோம். மாதங்கள் கழித்துத் திரும்பியபோது சுவர்கள் நின்றன, தகரப் பெட்டி இல்லை. ஆத்தேயின் முகவரியும், இருவரும் சேர்ந்து எடுத்த ஒரேயொரு படமும் அதற்குள்தான் இருந்தன. அம்மா வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் தேடினார்.

ஆத்தே விட்டுச்சென்ற ஒன்று மட்டும் எங்கள் அடுப்பில் இருக்கிறது. சினிகாங் என்பது அவர்கள் ஊர்ப் புளிச்சாறு. பழப்புளி கரைத்து, தக்காளியும் முள்ளங்கியும் போட்டு, றால் வெந்ததும் கடைசியில் கங்குன் கீரை. கீரையின் பெயர்கூட அவர்களுக்கும் கங்கொங்தான். எங்கள் வீட்டில் இதை ‘ஆத்தே புளியாணம்’ என்போம். ஊரில் வேறெவருக்கும் இப்படியொரு புளியாணம் தெரியாது.

போன சனிக்கிழமையும் அதுதான் சமையல். பெரியம்மாவின் பேத்தி வந்திருந்தாள். 2022 நெருக்கடியில் இந்த நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்குப் போனார்கள். அந்த வருடம் கடன்பட்ட குடும்பம் அவளுடையது. கடன் இன்னும் தீரவில்லை. குவைத்துக்குப் போகக் கடவுச்சீட்டு எடுத்துவிட்டாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2015இல் குவைத்தில் பணிப்பெண்களுக்குச் சட்டம் வந்திருக்கிறது, கிழமைக்கு ஒருநாள் லீவு, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அம்மா குறுக்கிட்டார்.

“சட்டத்த பிறகு படிக்கலாம். மனே, பாஸ்போட்டுக் கொப்பி ஒண்டு பாவாடை மடிப்புக்குள்ள வைச்சுத் தை. தூதரகத்து நம்பரப் பேப்பர்ல எழுதாத, பாடமாக்கு. சம்பளம் தராம கையெழுத்துக் கேட்டா வைக்காத. இதெல்லாம் எனக்கு ஆத்தே சொன்னது.”

அவள் தலையாட்டிக்கொண்டு இன்னொரு அகப்பை புளியாணம் ஊற்றிக்கொண்டாள். கை கழுவப் போனவளை அம்மா திரும்பக் கூப்பிட்டார்.

“அங்க பிலிப்பைன்ஸ் ஆக்களக் கண்டா, லகுனாவில இருந்து வந்த ஆரும் இருக்காங்களா எண்டு கேள்.”

“அவவுக்கு இப்ப எழுபது தாண்டியிருக்கும் அம்மா. குவைத்தில ஏன் இருக்கப் போறா?” என்றேன்.

“அவவிட மகள் இருக்கலாம்தானே” என்றார் அம்மா.