கையால் மூடிய டிபன் பாக்ஸ்

2023 ஆகஸ்ட் 2, புதன்

34 வருடம் பாடக்குறிப்பு எழுதிய கை. ஓய்வு பெற்ற அன்றோடு விட்டதை டீச்சர் இன்று மறுபடி எடுத்தார். அதே நீள நோட்டு, மிச்சமிருந்த தாள்கள். லெஸ்டரிலிருந்து பேத்தி வந்து மூன்று நாளாகிறது. மருமகன் கொண்டுவந்து விட்டுவிட்டு மறுநாளே திரும்பிவிட்டார். மகளுக்கு அங்கே சிகிச்சை. எத்தனை மாதம் என்று அவரும் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. டிசம்பர் வந்தால் பிள்ளைக்கு ஏழு வயது. பள்ளிக்கூடம் அனுப்பாமல் வைத்திருக்கும் பேச்சுக்கே அந்த வீட்டில் இடமில்லை.

ஆகஸ்ட் 4, வெள்ளி

தெருக்கோடி அரசுத் தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியை கேட்ட முதல் கேள்வி: "டி.சி. கொண்டாந்திருக்காங்களா டீச்சர்?"

இங்கிலாந்தில் டி.சி. என்ற தாளே கிடையாது. பிள்ளை பள்ளி மாறினால் அதன் விவரம் ஒரு பள்ளியின் கணினியிலிருந்து அடுத்த பள்ளியின் கணினிக்குப் போய்விடும். நம் ஊரில் அந்த ஒற்றைத் தாளுக்காக எத்தனை தாய்மார் கூலியை விட்டுவிட்டு அலைந்தார்கள் என்பதை டீச்சர் கண்ணால் பார்த்தவர். 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு, டி.சி. வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போட முடியாது. தலைமையாசிரியைக்கும் அது தெரியும். இரண்டாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். அங்கே இருந்திருந்தாலும் செப்டம்பரில் இரண்டாம் வகுப்புதான். அங்கே நான்கு வயதிலேயே ‘ரிசப்ஷன்’ வகுப்பு தொடங்கிவிடுகிறது.

ஆகஸ்ட் 7, திங்கள்

டீச்சர் பயந்தது தரையை நினைத்து. சீமைப் பள்ளியில் படித்த பிள்ளை சிமெண்டுத் தரையில் எப்படி உட்காரும்? போன வேகத்தில் சம்மணம் போட்டுக் கையைக் கட்டி உட்கார்ந்துவிட்டாள். அங்கேயும் சின்ன வகுப்புகளில் எல்லாரும் கம்பளத்தில்தான் உட்காருவார்களாம்.

பிரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு வாயசைக்காமல் நின்றாள், ஆனால் அசையாமல் நின்றாள். தடுமாறியது பெயர் கூப்பிட்டபோது. அவள் பழகிய பள்ளியில் பெயரைக் கேட்டதும் காலை வணக்கம் சொல்லி, ஆசிரியையின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "குட் மார்னிங் மிஸஸ்..." என்று தொடங்கியவள் மேலே சொல்லப் பெயர் தெரியாமல் நின்றாள். வகுப்பே சிரித்தது. பக்கத்துவீட்டுப் பெண் அவள் இடுப்பில் இடித்து, "உள்ளேன் டீச்சர்னு சொல்லு" என்றாளாம்.

ராத்திரி படுக்கையில் கேட்டாள். உள்ளேன் என்றால் என்ன? "நான் இருக்கேன்னு அர்த்தம்த்தா."

கொஞ்ச நேரம் கழித்து: "அம்மாச்சி, அம்மா உள்ளேனா?"

ஆகஸ்ட் 8, செவ்வாய்

பிள்ளையின் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கிறது. தினமும் வீட்டில் என்ன வாசித்தாள் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்துப் போடும் நோட்டு. ஜூலையோடு மகளின் கையெழுத்து நிற்கிறது. "நீங்க போடுங்க அம்மாச்சி" என்றாள். பேனா எழுதவில்லை என்று டீச்சர் பொய் சொன்னார்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றம். மிட்டாயைச் சாப்பிடாமல் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

டீச்சருக்கு இன்று உடம்பெல்லாம் பதறியது. இன்டர்வெல்லுக்கென்று டிபன் பாக்ஸில் கடலை மிட்டாய் வைத்து அனுப்பியிருந்தார். பக்கத்துவீட்டுப் பெண் கையை நீட்டியிருக்கிறாள். இவள் மூடியை அழுத்திப் பிடித்து, இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். வேறு பிள்ளைகளும் வந்தார்கள். யாருக்கும் கொடுக்கவில்லை, தானும் தின்னவில்லை. "குடுக்க மாட்டேங்குறா டீச்சர்" என்று நாலைந்து பேர் வாசலுக்கே வந்து சொன்னார்கள்.

அந்தப் பக்கத்துவீட்டுப் பெண்ணின் அம்மா ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவள். பிள்ளை வந்த நாளிலிருந்து கைபிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப்போவது அந்தப் பெண்தான். அவளுக்கு ஒரு துண்டு மிட்டாய் இல்லையா? டீச்சர் கத்திவிட்டார். "இதைத்தான் அங்க சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். பிள்ளை அழவில்லை. பாக்ஸைத் திறந்து, துண்டுகளை வரிசையாக மேஜையில் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 19, சனி

அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மருமகனிடம் போனில் கேட்டபோது விளங்கியது. கடலையோ முந்திரியோ பள்ளிக்குக் கொண்டுவரக் கூடாது என்று அங்கே பல பள்ளிகளில் கட்டுப்பாடு. சில பிள்ளைகளுக்கு அலர்ஜி. ஒரு துணுக்கு உள்ளே போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதனால் ஒருவர் பெட்டியிலிருந்து இன்னொருவர் எடுத்துத் தின்னவும் கூடாது. பிறந்த நாள் மிட்டாயைக்கூடச் சில இடங்களில் வீட்டுக்குப் போகும்போதுதான் கையில் கொடுப்பார்கள்.

கையை வைத்து அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கிறாள்! டீச்சர் பிள்ளையைக் கூப்பிட்டார். மன்னிப்பு என்ற சொல் வாயில் வரவில்லை. தலையை வாரி இரட்டைச் சடை போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

இன்று காலை திருக்குவளையில், கருணாநிதி படித்த பள்ளியில், முதலமைச்சர் காலை உணவுத் திட்டத்தை 31,008 அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரித்தார். போன வருடம் செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, இன்று தெருக்கோடிப் பள்ளிக்கும் வந்துவிட்டது. வாசலில் நின்று ஆவியைப் பார்த்த டீச்சருக்குக் கண் கலங்கியது. அதற்குக் காரணம் உண்டு.

விடியுமுன்பே இந்தத் தெருவில் ஜீப் ஹாரன் கேட்கும். தூக்குவாளியும் இடுப்பில் கட்ட உரச்சாக்குமாகப் பெண்கள் ஏறுவார்கள். 17 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டங்கள். செடியின் தூரில் குனிந்து, முற்றிய காயாகப் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை கால் ஏறும். அவர்கள் திரும்பப் பொழுது சாய்ந்துவிடும். அந்த அம்மாக்களின் பிள்ளைகள் முந்தின நாள் சோற்றையோ வரக்காப்பியையோ குடித்துவிட்டு, சில நாள் அதுவுமின்றி, பள்ளிக்கு வரும். இரண்டாவது பீரியடில் தலை சாயும். மந்தம் என்று முதல் இரண்டு வருடம் டீச்சரே நினைத்தார். பிறகு அலமாரியில் சாக்பீஸ் டப்பாவுக்குப் பின்னால் பொரிகடலை டப்பா ஒன்று வைக்கத் தொடங்கினார்.

1920-இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் காலத்தில் போட்ட மதியச் சாப்பாடு, காமராஜர் மாநிலமெங்கும் கொண்டுபோனது, 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கியது. இப்போது காலைக்கும். பிள்ளைகளுக்குச் சோறு போடலாம் என்று இங்கிலாந்து சட்டம் போட்டது 1906-இல். ஆனால் அங்கே இரண்டாம் வகுப்புவரை எல்லாருக்கும் இலவச மதியச் சாப்பாடு என்றானது 2014 செப்டம்பரில்தான். இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் நெஞ்சை நிமிர்த்தலாம் என்பது டீச்சரின் எண்ணம்.

சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களின் பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. தன் பிள்ளை தின்னப்போகிற சாப்பாட்டில் யாரும் உப்பை மறக்க மாட்டார்கள்.

ஆகஸ்ட் 30, புதன்

பொங்கல், சாம்பார். பேத்தி இரண்டாம் தரம் வாங்கினாளாம். வீட்டில் டீச்சர் வைக்கும் பொங்கலைத் தொடமாட்டாள்.

செப்டம்பர் 14, வியாழன்

எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று படிக்கும் நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். தமிழ் எழுத்து தெரியாததால் இவள் அரும்பு. தன் மகளுக்கே நேர்ந்த அவமானம் போல டீச்சர் துடித்தார். பிள்ளையோ ரொம்பச் சந்தோஷமாக ஓடிவந்தாள். அங்கே வகுப்புகளுக்கே முள்ளெலி, ஆந்தை என்று பெயர் வைப்பார்களாம். இங்கே தனக்குப் பூ கிடைத்துவிட்டது என்று. ஜூனில் அங்கே ஒலிப்புத் தேர்வில் தேறியவள். ‘ப’வையும் ‘ட’வையும் அதே மாதிரி ஒலித்துச் சேர்த்துப் பார்க்கிறாள்.

அக்டோபர் 6, வெள்ளி

சிகிச்சையில் அடுத்த கட்டம் என்று மருமகன் சொன்னார்.

மாலையில் டீச்சர் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். கோடவுனில் காய் பொறுக்கிவிட்டு வருகிற பெண்கள் போனபோது தெருவே ஏலக்காயாய் மணத்தது. பேத்தியும் பக்கத்துவீட்டுப் பெண்ணும் படியில் இருந்தார்கள். ஒரே ஒரு தேன் மிட்டாய். பேத்தி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பகிரக் கூடாது, எச்சில் படும் என்று தன் தமிழில் விளக்கினாள். அந்தப் பெண் யோசிக்கவே இல்லை. பாவாடை நுனியை மிட்டாய்மேல் போர்த்தி, துணிக்கு மேலே ஒரு கடி. உள்ளே மிட்டாய் இரண்டாக இருந்தது.

"காக்கா கடி. எச்சில் இல்ல. கடலையும் இல்ல."

பேத்தி அந்தத் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் பாதியை வாயில் போட்டாள். பிறகு உள்ளே ஓடி இன்னொரு மிட்டாயைக் கொண்டுவந்து, தன் சட்டை நுனியால் மூடி, தானே கடித்துப் பழகினாள். முதல் தடவை சட்டையில் பொத்தல்.

அந்தப் பெண்ணுக்குக் கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அவள் அம்மாவிடமும் டீச்சர் கேட்டுக்கொண்டார். "அதுக்கு எது ஒத்துக்காம இருக்கு டீச்சரம்மா?" என்று சிரித்தாள் அவள், காலில் அட்டை கடித்த இடத்தைத் தடவியபடி.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. படிக்கிற புத்தகமெல்லாம் பூஜையில் இருக்கிறது. இன்று வாசிக்கக் கூடாது. வாசிக்கக் கூடாத நாள் ஒன்று உண்டா என்று பேத்திக்கு நம்பவே முடியவில்லை. அந்தக் கையெழுத்து நோட்டையும் கொண்டுவந்து, சந்தனம் வைத்து, மேலே அடுக்கினாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. நோட்டை எடுத்து முதலில் ‘படகு’ என்று வாசித்தாள். டீச்சர் பென்சிலால் கையெழுத்துப் போட்டார். மகள் கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி விட்டு.

நவம்பர் 3, வெள்ளி

மூன்று நாளாக மழை. மலை தெரியவில்லை. மழை லீவு விடுவார்களா என்று தெருப் பிள்ளைகள் எல்லாம் டி.வி.யின் கீழ்வரியைப் பார்த்தபடி இருக்கின்றன. பேத்திக்கு லீவு வேண்டாம். அங்கே மழையென்றால் ‘வெட் ப்ளே’யாம்; இன்டர்வெல்லில் வெளியே விடாமல் வகுப்புக்குள்ளேயே படம் வரைய விடுவார்கள். அதை இங்கே டீச்சரிடம் சொல்லி ஏற்பாடு பண்ண வேண்டுமாம்.

போனில் மகள் ஐந்து நிமிடம் பேசினாள். குரல் தெளிவாக இருந்தது. டிக்கெட் பேச்சை அவளும் எடுக்கவில்லை.

ராத்திரி சாப்பிட்டதும் பிள்ளைகள் இரண்டும் கணக்குப் போட்டன. பிறந்த நாளன்று யூனிஃபார்ம் போடாமல் கலர் டிரெஸ் போட்டு, ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய் மிட்டாய் கொடுக்க வேண்டும். கூட யார் வருவது என்பதில் சந்தேகமே இல்லை. மொத்தம் 58 பிள்ளைகள், மூன்று டீச்சர், சத்துணவுக்கு ஒருவர், காலைச் சாப்பாட்டுக்கு இருவர். கடலை இல்லாத மிட்டாயாக 64.

"டிசம்பர்ல நான் இங்கயா அம்மாச்சி?"

"65-ஆ எழுதிக்கோ" என்றார் டீச்சர். "ஆயாவை விட்டுட்டீங்க, வாசல் கூட்டுதே."