பக்கம் அழியவில்லை, வழிதான் தவறியது: எங்கள் இணையத்தளத்துக்கு என்ன நடந்தது?



இரண்டு வாரமாக ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும், கடைத்தெருவிலும், வாட்ஸ்அப் குழுவிலும் ஒரே கேள்விதான். "சேர், கணிதம் பக்கம் திறக்குதில்லயே, அழிச்சிட்டீங்களா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. கொம்பியூட்டர் விஷயம் என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். பிள்ளைகளுடைய படிப்போடும் எங்களுடைய எழுத்தோடும் சம்பந்தப்பட்ட விஷயம் இதில் இருக்கிறது.

முதலில் பதில்: எதுவும் அழியவில்லை. வினாத்தாள், பாடக்குறிப்பு எல்லாம் அப்படியே இருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். அவற்றுக்குப் போகும் வழிதான் தவறியிருந்தது.

தளத்தைப் பல வருடத்துக்கு முன் பழைய மாணவர் ஒருவர் கோட்இக்னைட்டர் என்ற சட்டகத்தில் செய்து தந்தார். பிஎச்பி மொழியில் இணையத்தளம் கட்டுபவர்களுக்காக 2006இல் வந்த இலவசச் சட்டகம் அது. இவ்வளவு நாளும் ஆய்வுகூடத்தில் இருந்த விண்டோஸ் கணினியில் ஓடியது. அந்தக் கணினி கரண்ட் போகும்போதெல்லாம் படுத்துவிடும். இந்த லீவில் மாத வாடகைக்கு ஒரு சின்ன லினக்ஸ் சேர்வர் எடுத்து அதற்கு மாற்றினோம். முகப்புப் பக்கம் அழகாகத் திறந்தது. உள்ளே எதைத் தொட்டாலும் 404.

இது ஏன் இவ்வளவு அவசரம் என்று சிலர் கேட்டீர்கள். பயிற்சித்தாளின் மூலையில் இருக்கும் சதுரக் கறுப்புப் படத்தை போனில் பிடித்தால் விடையும் விளக்கமும் வரும். அந்தத் தாள்கள் யட்டியாந்தோட்டைக்கு மேலே, புலத்கொஹுபிட்டிய பக்கம் என்று தோட்டப் பிள்ளைகளின் கையிலும் இருக்கின்றன. தமிழ் மூலத்தில் நல்ல விளக்கக் குறிப்பு கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று படிப்பிப்பவர்களுக்குத் தெரியும். வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். ரீலோட் போட்ட டேட்டாவில் திறந்து பார்த்தால் "404". அந்தப் பிள்ளை இன்னொரு நாள் முயற்சி செய்யும் என்று எதை வைத்து நம்புவது?

இந்த வழி விவகாரம் எங்களூர்க்காரர்களுக்குச் சுலபமாக விளங்கும். அவிசாவளையில் இருந்து வந்தால் கரவனெல்லயில் ரோடு பிரிகிறது. ஒன்று யட்டியாந்தோட்டை, கித்துல்கல தாண்டி ஹட்டனுக்கு. மற்றது புலத்கொஹுபிட்டிய வழியாக கேகாலைக்கு. தெரியாத ஆள் சந்தியில் இறங்கினால் யாரிடமாவது கேட்டுத்தான் போவார். இணையத்தளத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கோப்பாக இருப்பதில்லை. எந்த முகவரியைக் கேட்டாலும் முதலில் ஒரே ஒரு கோப்புக்குத்தான் வரவேண்டும். "இன்டெக்ஸ்" என்ற அந்தக் கோப்புதான் சந்தி. அங்கே ஒரு பட்டியல் இருக்கும்: இப்படி முகவரி வந்தால் இந்தப் பக்கம் அனுப்பு, அப்படி வந்தால் அந்தப் பக்கம் அனுப்பு.

404 என்று வந்தால் உடனே கோட்டைத் திறந்து மாற்றத் தொடங்கக்கூடாது. அந்த 404ஐச் சொன்னது யார் என்று முதலில் பார்க்கவேண்டும். சேர்வர் சொல்லும் 404 வேறு முகம், சட்டகம் சொல்லும் 404 வேறு முகம். சேர்வருடையது வெறும் வெள்ளைப் பக்கத்தில் கடைசியில் சேர்வரின் பெயரோடு வரும். சட்டகத்துடையது கட்டம் போட்டு வரும். முதலாவது என்றால் ஆள் சந்திக்கே வரவில்லை. இரண்டாவது என்றால் சந்திக்கு வந்துவிட்டார், அங்கே வழி சொல்லத் தெரியவில்லை.

எங்களுக்கு வந்தது வெள்ளைப் பக்கம். முகவரியின் நடுவில் "இன்டெக்ஸ் டொட் பிஎச்பி" என்று கையால் சேர்த்துப் பார்த்தோம். திறந்தது! அப்படியென்றால் பக்கங்கள் சுகமாக இருக்கின்றன, முகவரியைச் சந்திக்குத் திருப்பிவிடும் வேலைதான் நடக்கவில்லை. அந்த வேலையைச் செய்வது எச்டிஆக்சஸ் என்ற சின்னக் கோப்பு. பெயர் புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கும், நகல் எடுக்கும்போது அடிக்கடி விடுபட்டுப்போகும். எங்களுடையது விடுபடவில்லை, இருந்தது. ஆனால் சேர்வர் அதை வாசிக்கிறதா? அதைப் பார்க்க ஒரு பழைய உபாயம் இருக்கிறது. கோப்பின் முதல் வரியில் அர்த்தமில்லாமல் நாலு எழுத்தை அடித்து வையுங்கள். சேர்வர் வாசித்தால் குழம்பி 500 என்று கத்தும். எங்களுடையது கத்தவில்லை, அதே 404. வாசிக்கவே இல்லை.

காரணம் இதுதான். அப்பாச்சி சேர்வரின் 2.4 பதிப்பில், தனியாகச் சொல்லாவிட்டால், அந்தக் கோப்பை அது கணக்கில் எடுக்காது. பழைய பதிப்புகளில் தானாகவே எடுக்கும். "அலவ் ஓவர்ரைட்" என்ற ஒரு வரியை மாற்றி, முகவரியைத் திருப்பும் "ரீரைட்" பகுதியையும் இயக்கி, சேர்வரை மீண்டும் தொடக்கினோம். பாதிப் பக்கங்கள் உயிர் பெற்றன.

மீதியில் சிலதுக்குக் காரணம் பெரிய எழுத்து, சின்ன எழுத்து. கோட்இக்னைட்டரின் மூன்றாம் பதிப்பில் பக்கத்தை நடத்தும் கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டும். விண்டோஸ் அதைப் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கும். பெயர்களைத் திருத்தியதும் சரி. இன்னொன்று பட்டியலின் வரிசை. மேலே உள்ள விதிதான் முதலில் செல்லும். "எது வந்தாலும் இங்கே அனுப்பு" என்ற விதி மேலே இருந்தால் கீழே எழுதியதெல்லாம் வீண், சந்தியில் ஒருவர் நின்று எல்லோரையும் ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவிடுகிற மாதிரி. அந்த வரியைக் கடைசிக்கு இறக்கினோம்.

இதெல்லாம் ஒரு பகல் வேலை. மீதி நாட்களைத் தின்றது தமிழ்.

ஒரு பிள்ளை அனுப்பிய வொய்ஸ் மெசேஜில்தான் தொடங்கியது. "சேர், பாடம்னு போட்டிருக்கிறத அமத்தினா விளையாட்டுப்போட்டி படமெல்லாம் வருது." சிரித்துக்கொண்டுதான் பார்த்தோம். உண்மைதான். பாடம் என்ற பகுதியைத் தொட்டால் படம் என்ற பகுதி திறக்கிறது.

தலைப்பில் இருந்து முகவரியைச் சட்டகமே உண்டாக்கும். இடைவெளிக்குப் பதில் கோடு போடும், "எழுத்து அல்லாதவற்றை" நீக்கும். அங்கேதான் வினை. கணினிகளின் பொது எழுத்துமுறையான யுனிகோட்டில் க, ண, ம என்பவை எழுத்து. ஆனால் புள்ளி, கால், கொம்பு, விசிறி எல்லாம் எழுத்து அல்ல, எழுத்தோடு சேரும் குறி. எங்கள் சேர்வரில் இருந்த பதிப்பு எழுத்தையும் இலக்கத்தையும் வைத்துக்கொண்டு குறிகளை எல்லாம் துடைத்துப் போட்டிருந்தது. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தோம். கணிதம் "கணதம" ஆகியிருந்தது. விஞ்ஞானம் "வஞஞனம". இஸ்லாம் "இஸலம". வரலாறு "வரலற". தமிழே "தமழ" ஆகிவிட்டது! பாடம், படம் இரண்டுக்கும் காலும் புள்ளியும் போனால் மிஞ்சுவது ஒன்றுதான்: "படம". ஒரே முகவரிக்கு இரண்டு பக்கம் இருந்தால், தேடலில் முதலில் அகப்பட்டது திறக்கும்.

முதல் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவோம். இங்கே யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்கும் காரணம் இருக்கிறது. தமிழ் முகவரியை நகல் எடுத்து ஒட்டினால் பெரும்பாலும் தமிழாக வராது, சதவீதக் குறிகளின் நீளமான மாலையாக வரும். ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டுக்கும் மூன்று எழுத்து. ஆகவே ஒன்றுக்கு 9. கரவனெல்ல என்ற பெயரை முகவரியில் போட்டால் 72 எழுத்து! அந்த மாலைக்குள் ஒரு புள்ளி குறைந்திருக்கிறது என்று யார் கண்டுபிடிப்பார்?

(அரபுத் தலைப்புகள் இதில் தப்பிவிட்டன. அரபு எழுத்துகள் எழுத்துதான். ஹரகத் போட்டிருந்தால் அது மட்டும் விழும். சிங்களத்துக்கு எங்களுடைய கதிதான், பில்லமெல்லாம் போய்விடும்.)

திருத்தத் தொடங்கியபோது இன்னொரு கதவு அடைத்தது. முகவரியில் எந்த எழுத்தெல்லாம் வரலாம் என்று சட்டகத்தில் ஒரு அனுமதிப் பட்டியல் உண்டு. அதில் ஆங்கில எழுத்தும் இலக்கமும் சில குறிகளும்தான். முகவரி தமிழாகப் பிரிந்து உள்ளே வந்தால் "அனுமதிக்கப்படாத எழுத்து" என்று 400 காட்டும். பிரியாமல் சதவீத மாலையாகவே வந்தால் உள்ளே விடும், ஆனால் தரவுத்தளத்தில் தமிழில் இருப்பதோடு பொருந்தாமல் 404 காட்டும். எப்படி வரும் என்பது சேர்வர் அமைப்பைப் பொறுத்தது. இடம் மாறியதும் ஒரே பக்கம் வேறு பிழை காட்டியது இதனால்தான்.

அனுமதிப் பட்டியலில் "எழுத்து" வகையை மட்டும் சேர்த்தால் போதாது. க வரும், க் வராது. யுனிகோட்டின் தமிழ்ப் பகுதி முழுவதையும் சேர்க்கவேண்டும். சேர்த்தோம். முகவரி உண்டாக்கும் செயலையும் எங்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினோம்.

"இவ்வளவு பாடுபடாமல் இங்கிலீஷ் எழுத்தில் போட்டால் முடிந்ததே" என்று நல்ல மனதோடுதான் பலர் சொன்னார்கள். நாங்கள் சம்மதிக்கவில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். கணிதத்தைக் "க"வில் தொடங்குவதா "ஜீ" எழுத்தில் தொடங்குவதா என்பதிலேயே எங்களுக்குள் இரண்டு கட்சி. தவிர, 2010இல் இருந்து "டொட் இலங்கை" என்று நாட்டின் பெயரையே தமிழில் முகவரியாக எழுதலாம். நாட்டின் பெயருக்குக் கிடைத்த இடம் பிள்ளையின் பாடத்துக்குக் கிடைக்கக்கூடாதா? தமிழ் மூலத்தில் படிக்கிற பிள்ளைக்கு, உன் எழுத்து இதற்குச் சரிவராது என்று ஒரு மென்பொருள் சொல்வதை நாங்களும் சேர்ந்து சொல்லத் தேவையில்லை.

ஆனால் பிடிவாதத்தோடு கொஞ்சம் புத்தியும் வேண்டும். தமிழில் "நோ" என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ந வோடு ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒரு போனில் அடித்த "நோன்பு" இன்னொரு போனில் அடித்த "நோன்பு"வோடு பொருந்தாமல் போகலாம். ஆகவே இப்போது ஒவ்வொரு முகவரியிலும் ஒரு இலக்கமும் அதன்பின் தமிழ்ப் பெயரும் இருக்கும். பக்கத்தைக் கண்டுபிடிப்பது இலக்கத்தை வைத்துத்தான். பெயர் மனிதருக்கு. பெயரில் ஒரு எழுத்துப் பிழைத்தாலும் பக்கம் திறக்கும்.

இனி ஏற்கனவே அச்சடித்துக் கொடுத்த தாள்கள். அவற்றில் இருப்பது "கணதம", "வஞஞனம" முகவரிகள்தான். உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ் லீ நல்ல முகவரி மாறக்கூடாது என்று 1998இலேயே ஒரு கட்டுரை எழுதினார். முகவரி பிழை என்பதற்காகப் பிள்ளையின் கையில் உள்ள தாளைப் பயனற்றதாக்க எங்களுக்கு உரிமை இல்லை. அதனால் பழைய முகவரிகள் எல்லாவற்றையும் பட்டியலில் சேர்த்து, ஒவ்வொன்றையும் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பியிருக்கிறோம். அதற்கு 301 என்று பெயர். "படம" மட்டும் யோசிக்க வைத்தது, இரண்டு சொந்தக்காரர் அல்லவா? தாளில் அச்சானது பாடத்துக்குரியது என்பதால் அது பாடத்துக்கே போகும். விளையாட்டுப்போட்டிப் படம் தேடுபவர்கள் முகப்பில் இருந்து போங்கள்.

நேற்று இரவு வரை கையில் இருந்த தாள்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போனில் பிடித்துப் பார்த்தோம். மூன்று தாள் இன்னும் சரிவரவில்லை. தரம் 10 விஞ்ஞானம் ஒன்று, தரம் 11 வரலாறு இரண்டு. இன்ஷா அல்லாஹ் இந்த வாரத்துக்குள் முடியும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். திறக்கவில்லை என்றால் "திறக்குதில்ல சேர்" என்று மட்டும் அனுப்பாதீர்கள். முழுத் திரையையும், மேலே உள்ள முகவரியோடு, படம் பிடித்து அனுப்புங்கள். வெள்ளைப் பக்கமா, கட்டம் போட்டதா, 400ஆ 404ஆ என்று அதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்மார்ட் போன் இல்லாத வீடுகளுக்கு அச்சுப் பிரதி வைத்திருக்கிறோம். தோட்டப் பக்கம் போகிறவர்கள் யாராவது திங்கட்கிழமை பாடசாலை விட்டபின் வந்து எடுத்துப்போனால் பெரிய உதவி.