மேடையேறாத தலைப்புகள்

எங்கள் ஊர் மருத்துவர் சங்கத்தில் சி.எம்.இ. என்னும் தொடர் மருத்துவக் கல்விக் கூட்டங்களை ஏற்பாடு செய்யும் பொறுப்பை நெடுநாளாக வகித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மருந்துக் கம்பெனியின் செலவில் மேடையேறுகிற பேராசிரியர் பொய் பேசுவார் என்று வெளியார் கொள்ளும் சந்தேகம் பெரும்பாலும் வீண். அவர் ஆராய்ச்சி முடிவுகளை ஒழுங்காகவே எடுத்துரைப்பார். மருந்தின் வியாபாரப் பெயரை மறந்தும் உச்சரிக்கமாட்டார். அதுதான் வாசலில் போட்ட ஸ்டாலில் தொடங்கிக் கையில் கொடுத்த பேனா வரையில் பொறித்திருக்கிறதே! தோஷம் அதற்கு வெகு முன்பே, தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே நேர்ந்துவிடுகிறது.

புதிய நீரிழிவு மருந்தொன்றைப் பற்றிப் பிரசங்கம் வைக்கலாமா என்று கேட்டால், மண்டபம், இரவு விருந்து, பேச்சாளரின் பிரயாணம் யாவற்றுக்கும் ஏரியா மானேஜர் அன்று மாலையே சம்மதித்துவிடுவார். ஆனால், முதிய நோயாளி வேளைதோறும் விழுங்கும் மாத்திரைகளில் எவற்றை நிறுத்தலாம், சாதாரண வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசலே போதுமாயிருக்க ஆன்டிபயாடிக் எழுதும் பழக்கத்தை எவ்விதம் விடுவது என்பன போன்ற, எங்கள் அன்றாடத் தொழிலுக்கு இன்றியமையாத விஷயங்களுக்கு, அவற்றால் லாபமடைகிறவர் எவருமில்லை என்கிற ஒரே காரணத்தால், ஸ்பான்சர் கிடைப்பதில்லை. ஐந்து வருஷங்களில் 30 மணி நேரமேனும் வைத்தியன் இத்தகைய கூட்டங்களில் கற்க வேண்டுமென்பது 2002-ஆம் வருஷத்து இந்திய மருத்துவக் கவுன்சில் விதி. மணிகள் நிரம்பத்தான் செய்கின்றன.

கவுன்சில் சும்மா இருந்துவிட்டதென்று சொல்ல முடியாது. கம்பெனிகளிடம் பரிசு, பிரயாணச் செலவு, உபசாரம் எதையும் பெறலாகாதென்று 2009-இல் வைத்தியர்களையும் அவர்களுடைய சங்கங்களையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. பிறகு 2016-இல் சங்கங்களை மட்டும் அதிலிருந்து விடுவித்தது. தனி ஒருவனுக்கு ஆகாதது பலர் கூடினால் எப்படிச் சுத்தமாகும் என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை. 2024-இல் மத்திய அரசு வெளியிட்ட ஒழுங்குநெறியோ, கம்பெனிகள் இந்தக் கூட்டங்களை வெளிநாட்டில் நடத்துவதைத் தடுத்து, உள்நாட்டில் நடத்துவதற்குச் செலவு விவரத்தை வெளிப்படுத்தும் நிபந்தனையோடு இடமளிக்கிறது. நல்லதுதான், ஆயினும் நடந்த கூட்டத்துக்கு யார் பணம் கொடுத்தார் என்பதை அந்தக் கணக்கு காட்டுமேயன்றி, பணமில்லாமையால் நடவாமற்போன கூட்டம் எது என்பதைக் காட்டாது.

ஆகவே இவ்வருஷம் தலைப்புகளை முதலில் அங்கத்தினர்களே கூடி நிச்சயித்துவிட்டு, அப்புறமே பணத்துக்கு வழி தேடினோம். மாத்திரைகளை நிறுத்துவது பற்றிய கூட்டத்துக்கு ஆளுக்கு 200 ரூபாய் வசூல். விருந்து, போண்டாவும் காப்பியும். வழக்கமாக வருகிறவர்களில் பாதிப்பேர் வந்தார்கள். வராதவர்களில் சிலர், கிரெடிட் பாயின்ட் உண்டா என்று போனில் விசாரித்தார்கள்.