ஈரக்காற்றில் ஐசிங்

அந்த வீட்டுக் கூடத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சின்னப் பெட்டி மாட்டியிருக்கிறது. மணி பார்ப்பதைவிட அதைத்தான் எல்லோரும் அடிக்கடி நிமிர்ந்து பார்க்கிறார்கள். காற்றிலுள்ள ஈரப்பதத்தைக் காட்டும் மீட்டர். நான் போன மதியம் 81 காட்டியது. வெளியே தூறல்.

"எழுபதுக்குக் கீழ இறங்கட்டும் தம்பி. அப்பதான் சிவப்பைக் கையில எடுப்போம்" என்றார் அக்கா.

பெரம்பூர் லூர்து மாதா கோயிலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய தெரு. ரயில்வே பணிமனைகளை நம்பி வளர்ந்த பகுதி. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒரு காலத்தில் நிறைய இருந்த இடம் என்பதால் டிசம்பரில் கேக்கும் ரோஸ் குக்கீயும் மணப்பது இந்தத் தெருக்களுக்குப் புதிதில்லை. அக்கா தமிழ்க் கத்தோலிக்கர். கணவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருஷம் முழுக்கப் பிறந்தநாள் கேக் செய்யும் அக்கா, டிசம்பர் பிறந்ததும் கேக்கை ஓரங்கட்டிவிட்டு ஐசிங் குக்கீயில் இறங்குகிறார். மணி, நட்சத்திரம், கிறிஸ்துமஸ் மரம், காலுறை, பனிமனிதன். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை. ஐ.டி. கம்பெனிகள், அடுக்குமாடி சங்கங்கள், யாரென்று சொல்லாமல் பரிசு கொடுக்கும் 'கிறிஸ் மாம் – கிறிஸ் சைல்ட்' விளையாடும் கல்லூரிப் பெண்கள் என்று ஆர்டர் எங்கிருந்தெல்லாமோ வருகிறது.

மாவு பிசைவதில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. எடைக் கணக்கில் மைதா மூன்று பங்கு, வெண்ணெய் இரண்டு, சர்க்கரை ஒன்று. பேக்கிங் பவுடர் கிடையாது. போட்டால் குக்கீ உப்பி, நட்சத்திரத்தின் முனை மழுங்கிவிடும். தொல்லை கொடுப்பது வெண்ணெய்தான். சென்னையின் சமையலறைச் சூட்டில் மாவு சீக்கிரமே இளகிவிடுகிறது. அதனால் இரண்டு பட்டர் பேப்பர்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, அப்படியே ஃபிரிட்ஜில் வைத்து, இறுகியதும் அச்சால் வெட்டி, வெட்டியதைத் திரும்பவும் ஃபிரிட்ஜில் வைக்கிறார்கள். தேய்க்கிறவர் அக்காவின் நாத்தனார். கனம் ஒரே சீராக இருப்பதற்காகப் பலகையின் இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்து, அதன்மேல் கட்டையை உருட்டுகிறார். ஓவனில் 170 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். ஓரம் லேசாகப் பொன்னிறமானதும் வெளியே வந்துவிடும். அன்று ராத்திரி முழுக்க அது டிஷ்யூ பேப்பர் மேல் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் வெண்ணெயின் எண்ணெய் மேலே ஏறி, வெள்ளை ஐசிங்கில் திட்டுத் திட்டாகக் கறை காட்டும்.

அவ்வளவுதான் பேக்கிங். மீதியெல்லாம் காத்திருப்பது.

ராயல் ஐசிங் என்பது முட்டை வெள்ளையும் ஐசிங் சர்க்கரையும் சேர்ந்த கலவை. பச்சை முட்டையில் கிருமி பயம் இருப்பதால் அக்கா மெரிங் பவுடர் வாங்குகிறார். சூட்டில் கிருமி நீக்கி உலர்த்திய முட்டை வெள்ளைதான் அதில் முக்கியப் பொருள். முட்டையே வேண்டாம் என்பவர்களுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர். அதையும் அடித்தால் முட்டை வெள்ளைபோலவே நுரைத்து வரும், ஆனால் காய இன்னும் நேரமாகும் என்று அலுத்துக்கொள்கிறார். கோடு போடக் கெட்டியானது, உள்ளே நிரப்ப இளகினது என்று இரண்டு பதம். இங்கே அவற்றுக்கு 'இட்லி மாவு', 'தோசை மாவு' என்றே பெயர். தோசை மாவுக்கு ஒரு சோதனை உண்டு: கத்தியால் நடுவே கீறினால், கீறல் பத்துப் பதினைந்து வினாடிக்குள் தானாக மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு முன்னாலேயே மூடினால் கோட்டைத் தாண்டி வழியும். மூடவே இல்லையென்றால் மேடு பள்ளமாகக் காயும்.

சர்க்கரை காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற பொருள். ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ டிசம்பரில் கதவை அடைத்து ஹீட்டர் போட்ட அறைக்குள் காற்று வறண்டிருக்கும். ராத்திரி விட்டால் காலையில் ஐசிங் ஓடாக இறுகியிருக்கும். இந்த வேலை பிறந்து வளர்ந்த சூழல் அது. நமக்கோ டிசம்பர் வடகிழக்குப் பருவமழையின் மாதம். துணியே காயாத வாரத்தில் பனிமனிதனைக் காயவைக்க வேண்டியிருக்கிறது. வெள்ளை மேல் சிவப்பு வைத்தால், அடியிலுள்ளது முழுக்கக் காயாதவரை சிவப்பு மெல்லக் கசிந்து பக்கத்தில் பரவும். கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொப்பி கரைந்து தாடி ரோஸ் நிறமாகிவிடும். அப்படி வீணான ஒரு தட்டைக் காட்டினார்கள். தெருப் பிள்ளைகளுக்கு அதில் கொண்டாட்டம்.

ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்று கேட்டேன். வெளியே எடுத்த மறு நிமிஷம் வியர்த்துவிடும் என்று அக்கா, நாத்தனார், ஐசிங் போட வரும் எதிர்வீட்டுப் பெண் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். படுக்கையறைதான் இவர்களுடைய உலர்த்தும் அறை. கட்டிலின் மேல் பலகை போட்டு, பலகைமேல் தட்டுகளை அடுக்கி, ஏ.சி.யை டிரை மோடில் ஓடவிட்டு, டேபிள் ஃபேனையும் திருப்பி வைத்திருக்கிறார்கள். அக்காவின் கணவர் டிசம்பர் முழுக்கக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார். கரண்ட் போனால் முதலில் குரல் கொடுப்பவரும் அவர்தான்.

நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்வீட்டுப் பெண்ணின் கையை. முப்பது வயதிருக்கும். அவருடைய நிஜத் தொழில் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி வைப்பது. அக்கா முதலில் விலை உயர்ந்த ஸ்டீல் நாசில்கள் வாங்கிப் பழகியிருக்கிறார்; கோடு நடுங்கிக்கொண்டே இருந்ததாம். ஒருநாள் சும்மா பார்க்க வந்த இந்தப் பெண், செல்லோஃபேன் தாளை மருதாணிக்குச் சுற்றுவதுபோலக் கோனாகச் சுற்றி, உள்ளே ஐசிங்கை நிரப்பி, முனையைக் கத்தரியால் ஒரு மயிரிழை வெட்டி, கோடு இழுத்துக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து நாசில்கள் டப்பாவுக்குள்.

கோனின் முனை குக்கீயைத் தொடுவதே இல்லை. ஓர் ஓரத்தில் புள்ளி வைத்து ஒட்டவைத்துவிட்டு, கையை ஓர் அங்குலம் மேலே தூக்குகிறார். ஐசிங் நூலாக அந்தரத்தில் தொங்குகிறது. அந்த நூலைக் கொண்டுபோய் மணியின் வளைவின்மேல் படுக்கவிடுகிறார். முடிக்கிற இடத்தில் மட்டும் கை மறுபடி இறங்குகிறது. "தொட்டு இழுத்தா கை நடுங்குறது கோட்டுல தெரியும். தூக்கிட்டா தெரியாது. மெஹந்தியும் அப்படித்தாண்ணா" என்றார். பிறகு தோசை மாவால் உள்ளே நிரப்பி, ஊசி முனையால் மூலைகளுக்குத் தள்ளி, மேலே வந்த காற்றுக் குமிழியை அதே ஊசியால் உடைக்கிறார். குமிழி தங்கினால் காய்ந்தபின் அங்கே ஓட்டை விழும். பனிமனிதனின் கழுத்துத் துணியில் அவர் வரைந்த கொடியும் மாங்காய் வளைவும் எந்த ஐரோப்பியக் குக்கீப் படத்திலும் இருக்காது. கம்பெனி ஆர்டர்களில் அதை விரும்பிக் கேட்கிறார்களாம். இந்த வீட்டின் சரக்கில் சொந்தச் சரக்கு என்று நான் சொல்வது அந்த மாங்காயைத்தான்.

இதே வீட்டில், மழையைக் கண்டுகொள்ளாத ஒரு கிறிஸ்துமஸ் பண்டமும் இருக்கிறது. பின்கட்டில் அக்காவின் மாமியார் கல்கல் உருட்டிக்கொண்டிருந்தார். மைதா, தேங்காய்ப்பால், முட்டை, கொஞ்சம் சர்க்கரை. கோலிகுண்டு அளவு மாவை, இதற்கென்றே எடுத்து வைத்த புதுச் சீப்பின் முதுகில் அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சங்குபோல வந்து விழுகிறது. அலங்காரம் முடிந்தது. எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் புரட்டி, தகர டின்னில் அடைத்தால் வாரக்கணக்கில் மொறுமொறுப்பு போகாது. போர்ச்சுகீசியர் தடம் பதிந்த கோவா, மங்களூர்க் கரையிலும் கிறிஸ்தவ வீடுகளில் இதே பண்டம் உண்டு. கேரல் பாட வரும் பையன்களுக்குக் கை நிறைய அள்ளிக் கொடுப்பது இதைத்தான். "பேசாம இதையே வியாபாரம் பண்ணுன்னு சொல்றேன், கேக்க மாட்டேங்குறா" என்றார் கிழவி, சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்காவின் பதிலும் நியாயம்தான். கல்கல்லை வாங்குகிறவர்கள் கிலோ விலை கேட்கிறார்கள். முறுக்குக் கடை விலையோடு ஒப்பிட்டுப் பேரம் பேசுகிறார்கள். ஐசிங் குக்கீயை ஒன்று இவ்வளவு என்று விற்கலாம், போட்டோ நன்றாக வரும். அதிலும் கணக்குப் பார்த்தால் ஏமாற்றம்தான். வெண்ணெய், மெரிங் பவுடர், பாரிமுனையில் வாங்கும் ஜெல் நிறம், டப்பா எல்லாவற்றுக்கும் நோட்டில் வரி இருக்கிறது. மருதாணிக்காரப் பெண்ணுக்குக் குக்கீக் கணக்கில் கூலி, நாத்தனாருக்குத் தினக்கூலி. ஏ.சி. ஓடிய ராத்திரிகளுக்கும் அக்கா கண்விழித்ததற்கும் வரி இல்லை. மழை நாளில் அதே குக்கீக்கு இரண்டு மடங்கு நேரமாகிறது, விலை மட்டும் அதேதான். பூக்காரர்கள் முகூர்த்த நாளில் கூசாமல் விலையை ஏற்றுகிறார்கள். வீட்டிலிருந்து செய்கிற பெண்கள் மட்டும் ஏன் கூசுகிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சொல்லவும் செய்தேன்.

"ஏத்தினா போன்ல கேக்குறவங்க, 'வீட்லதானே பண்றீங்க'ங்குறாங்க தம்பி."

மாலையில் தூறல் நின்று மீட்டர் 72-க்கு வந்தது. இன்னும் இரண்டு இறங்கட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. சிவப்பு கோன்கள் வெளியே வந்தன. முந்தின நாளே கலக்கி வைத்த சிவப்பு. ஊற ஊறத்தான் நிறம் ஏறுமாம், அன்றைக்கே கலக்கினால் ரோஸ் நிறத்திலேயே நின்றுவிடும். போன் அடித்தது. 24-ஆம் தேதி ராத்திரி டெலிவரி வேண்டும் என்று யாரோ. 23-ஓடு சரி, மறுநாள் எங்களுக்குப் பூசை இருக்கு என்று அக்கா வைத்துவிட்டார். மழை நாளுக்குத் தனி விலை போடும் யோசனையை நாத்தனார் மறுபடி எடுத்தார். ஈரம் உறிஞ்சும் மெஷின் ஒன்றை வாங்கிவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம் என்றார் அக்கா. அந்த மெஷினுக்குப் பணம் எந்த விலையிலிருந்து வரும் என்று மருதாணிக்காரப் பெண் கேட்டார். கேட்டுக்கொண்டே அடுத்த தொப்பிக்குப் போய்விட்டார்.