கடைச் சாவியும் கடைப் பங்கும்

தகப்பனாருக்குப்பின் கடையைத் திறந்து வைக்கிறவனே உரிமையாளன் என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். ஜோகுபாளையத்தில் எங்கள் தகப்பனார் உயில் எழுதாமல் மரித்தபோது, இரும்புச்சாமான் கடையின் சாவி அண்ணனிடம் வந்தது. முழு உரிமை வரவில்லை. நாம் கிறிஸ்தவர்களாகையால் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே நமக்குப் பொருந்தும். அதன்படி மூன்றில் ஒரு பங்கு தாயாருக்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. சீர்வரிசை பெற்றுப்போன தங்கைக்கும் அதே பங்குதான். (இதைக் கேட்டதும் அண்ணியின் முகம் வாடியது.)

வரிக் கணக்கோ வேறு. ஜி.எஸ்.டி. பதிவு தகப்பனாரின் பான் எண்ணைச் சார்ந்தது. ஆகையால் அதிலேயே வியாபாரத்தைத் தொடரக்கூடாது. அண்ணன் தம் பெயரில் புதிதாய்ப் பதிவுசெய்து, மீந்திருந்த உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவத்தின்மூலம் மாற்றிக்கொண்டார். தொழிலைத் தொடருகிறவர்மேல் மரித்தவரின் ஜி.எஸ்.டி. பாக்கியும் வரும் என்பதை மறவாதிருங்கள்.

தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்க மனதாயிருந்தாள். உடன்பிறந்தார் கொடுப்பதற்கு வருமான வரி இல்லை. ஆனால் கடைக் கட்டடமும் சேர்ந்திருப்பதால் வாய்ச்சொல் போதாது. விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்யவேண்டும். அவள் கையெழுத்திடுமுன் தாயார் கேட்டது ஒன்றுதான்: "உன் பிள்ளைகளின் படிப்புக்கு என்ன வைத்திருக்கிறாய்?"

அந்தப் பத்திரம் இன்னும் எழுதப்படவில்லை.